வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

ஹெலனுக்கு இரண்டு சொந்த ஊர்கள். இதை அவர் சொல்லும்போதெல்லாம் கணவர் ஆல்வின், "ஒரு ஊர்லயே தண்ணி வரமாட்டேங்குது, இவங்களுக்கு ரெண்டு ஊரு" என்பார். ஆம்பூரில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். இன்னொரு ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் யாருமில்லை. அந்த ஊருக்காகத்தான் போன வருடம் முழுவதும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஊரின் பெயர் ஆல்டர்பெக். வட இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். ஹெலனின் அம்மா கிறிஸ்டினா வேலூரில் நர்சிங் படித்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போனார். கூடவே கணவர் துரைசாமியும் ஆறு வயது ஹெலனும் போனார்கள். துரைசாமி ஆம்பூரில் தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தவர். போன இடத்தில் மனைவி சம்பளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டுமே என்று பயந்துகொண்டே விமானம் ஏறினாராம். போய் இறங்கினால் ஆல்டர்பெக்கிலும் ஒரு டேனரி இருந்தது. மறுவாரமே அங்கே தோல் தூக்கும் வேலையில் சேர்ந்துவிட்டார்.

வெளியூரிலிருந்து அந்த ஊருக்கு வருகிற பிள்ளைகள் முதல் நாள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஹெலன் மூக்கைப் பிடிக்கவில்லை. அவருக்கு அது தன் ஆம்பூர்த் தெருவின் வாசனை. தன்னை அந்த ஊர்ப் பிள்ளைகள் சேர்த்துக்கொண்டதற்கு அதுதான் காரணம் என்று இன்றைக்கும் சொல்கிறார். எனக்கு அது அவ்வளவு எளிதாக நடந்திருக்கும் என்று தோன்றவில்லை. ஆனால் அங்கே இருந்தவர் அவர், நான் இல்லை.

டேனரிக்குப் பின்னால் ஓர் ஓடை. பள்ளிக்கூடத்துக்குப் போக அதன்மேல் ஒரு நடைப்பாலம். சாயப் பட்டறைத் தண்ணீர் அந்த ஓடையில்தான் விழும். ஒருநாள் பழுப்பு, ஒருநாள் பச்சை, ஒருநாள் ரத்தம் போலச் சிவப்பு. பாலம் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே பிள்ளைகள் இன்றைய நிறத்தைச் சொல்லிவிட வேண்டும். சரியாகச் சொன்னவர் முதலில் பாலத்தைக் கடப்பார். மற்றவர்கள் அவர் பின்னால் வரிசையாகப் போக வேண்டும். பெரும்பாலும் முதலில் போனது ஹெலன்தான். முந்தின நாள் சாயம் அப்பாவின் நக இடுக்கில் இருக்கும்; மறுநாள் காலை ஓடையில் விழுவது அதுதான். சாப்பிடும்போது பார்த்துவைத்துக்கொள்வார்.

துரைசாமிக்கு முதுகு விட்டுப்போயிற்று. ஈரத் தோலின் கனம் அப்படி. ஹெலனுக்குப் பதினோரு வயதானபோது மூன்று பேரும் ஆம்பூருக்குத் திரும்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பெண்கள், "அந்த ஊரு ஏலகிரி மாதிரி இருக்குமா?" என்று கேட்டார்கள். டீச்சர் அவருடைய ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டு, ஒழுங்காகப் பேசு என்று அதட்டினார். அது ஆல்டர்பெக் தெருவில் பேசுகிற ஆங்கிலம். கொஞ்ச நாளில் அதை மறந்துவிட்டார், அல்லது மறந்த மாதிரி இருந்துவிட்டார்.

பிறகு ஒரு ஷூ கம்பெனி. வயதாகி ஓய்வு பெறும் வரை அங்கேதான். கடைசி மேஜையில், பெட்டிக்குள் போவதற்கு முன் ஒவ்வொரு ஜோடியையும் திருப்பிப் பார்க்கிற வேலை. நூல் நீட்டிக்கொண்டிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா, இரண்டு காலும் ஒரே நிறமா. சரியில்லாததைத் திருப்பி அனுப்புவார். அவரைக் கண்டால் தையல் மெஷினில் இருக்கும் பெண்கள் பயந்து, தைத்ததை இன்னொரு முறை திருப்பிப் பார்ப்பார்கள். ரொம்ப இனிமையான மனிதர் என்று சொல்ல மாட்டேன்.

அப்பா போய்விட்டார். அம்மாவும் போய்விட்டார். உடன்பிறந்தவர்கள் கிடையாது. ஆல்டர்பெக்கில் கழிந்த அந்த ஐந்து வருடங்களுக்கு ஹெலனைத் தவிர இப்போது சாட்சி யாருமில்லை. இதைப் பற்றி அவர் கவலைப்பட்டதும் இல்லை, போன வருடம் வரை.

போன வருடம் போனில் ஒரு குழு கண்ணில் பட்டது. ஆல்டர்பெக்கில் பிறந்து வளர்ந்தவர்கள் பழைய படங்களையும் நினைவுகளையும் போட்டுக்கொள்கிற குழு. ஹெலன் சேர்ந்துகொண்டார். காலையில் காபியோடு உட்கார்ந்தால் ஆல்வின் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்திருப்பார். ரொட்டிக்கடை மூலை, தேவாலய ஊர்வலம், பனியில் பேருந்து நின்றுபோன வருடம், எல்லாம் அதில் இருந்தன. எல்லாமே அவருக்குத் தெரிந்தவை. டேனரியைப் பற்றியும் படங்கள் இருந்தன: புகைபோக்கி, வாசல், சைக்கிள்கள். ஓடையைப் பற்றியும் இருந்தன, தெளிந்த தண்ணீரும் வாத்துகளுமாக. அவையெல்லாம் இப்போது எடுத்தவை. டேனரி மூடி ரொம்ப காலமாகிறது.

ஊர் வரலாற்றுச் சங்கம் சிறுவயது நினைவுகளைத் தொகுத்து ஒரு புத்தகம் போடப்போவதாக அறிவித்தது. அதை நடத்துகிறவர் மார்கரெட் என்ற அம்மாள். குழுவிலேயே எழுதுங்கள், நல்லவற்றை எடுத்துக்கொள்கிறோம் என்றார். ஹெலன் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினார். அப்பாவின் நகங்கள், பாலம், நிறம் சொல்லும் விளையாட்டு. பனி பெய்கிற நாளிலும் ஓடை உறையாது, சாயத் தண்ணீர் வெதுவெதுப்பாக வரும், வெள்ளைப் பனிக்கு நடுவே அது பச்சையாக ஓடுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று எழுதினார். கடைசியில் இப்படி முடித்தார்: வெள்ளிக்கிழமை மட்டும் ஆலைக்கு விடுமுறை. அன்று தண்ணீர் தெளிந்து ஓடும். அன்று விளையாட்டு கிடையாது.

சிலர் இதயம் போட்டார்கள். அன்று மத்தியானத்துக்குள் கென் என்பவர் வந்தார். அவர் எழுதியது இது: "ஆலை எந்தக் காலத்திலும் வெள்ளிக்கிழமை மூடியதில்லை. என் அப்பா கடைசி நாள் வரை அங்கே வேலை பார்த்தவர். ஞாயிறுதான் விடுமுறை. எங்கள் அம்மா எங்களை ஓடையில் கால் வைக்க விட்டதும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். இந்த அம்மாள் வேறு ஏதோ ஊரைப் பற்றிப் பேசுகிறார்."

அதன்பின் மற்றவர்கள் வரிசையாக வந்தார்கள். எங்கள் ஓடை அப்படி ஒருநாளும் இருந்ததில்லை. இந்தியாவில் ஆறுகள் அப்படித்தான் இருக்கின்றன, டிவியில் பார்த்திருக்கிறேன், பாவம் குழம்பிவிட்டார். மார்கரெட் கடைசியில் வந்து தேன் தடவினார்: நினைவு எல்லோரையும் ஏமாற்றும், அன்புள்ள ஹெலன், நீங்கள் முதன்முதலில் பனியைப் பார்த்ததைப் பற்றி எழுதுங்களேன், எங்களுக்கு அதுதான் பிடிக்கும்.

வெள்ளிக்கிழமை என்று ஹெலன் ஏன் எழுதினார் என்பது ஆம்பூர்க்காரர்கள் யாருக்கும் உடனே புரியும். இங்கே டேனரி முதலாளிகள் பெரும்பாலும் முஸ்லிம்கள். வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஹெலனின் கம்பெனியிலும் அப்படித்தான். ஞாயிறு விடியற்காலை ஆராதனைக்குப் போய்விட்டு நேராக ஷிப்டுக்குப் போன தலைமுறை அவருடையது. லீவு என்றால் வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம், ஆபீஸ், உலகம் எல்லாம் ஞாயிறு என்று சொன்னாலும் உடம்பு வெள்ளிக்கிழமைதான் ஓய்வு கேட்கும். வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஆம்பூர்க் கால்வாயும் அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமைதான் தெளியும்.

ஹெலன் ஆத்திரத்தோடு போனை ஆல்வினிடம் நீட்டினார். அவர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி நிதானமாகப் படித்தார்.

"உங்க ஊர்க்காரங்க இன்னா மரியாதையா திட்றாங்க, பாரு. நம்மாளுங்களுக்கு வராது."

"சிரிக்காதீங்க."

"சிரிக்கல. ஆனா ஹெலன், ஒண்ணு கேட்டா கோச்சிக்கக் கூடாது. வெள்ளிக்கெழம இங்கதானே?"

"ஆமா. அது ஒண்ணு மாறிப்போச்சு."

"அது ஒண்ணுதான் மாறிச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ஹெலன் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"பதினோரு வயசுல வந்த. வந்த நாள்லருந்து வீட்டுக்குப் பின்னாடி கலர் கலரா கால்வா. அதையே தெனம் பாத்துப் பாத்து, அங்க கொண்டுபோய் வெச்சிட்டியோ இன்னாவோ. நீ பொய் சொல்றன்னு நான் சொல்லல."

"பின்ன இன்னா சொல்றீங்க?"

"ஒண்ணும் சொல்லல. சோத்தப் போடு."

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் கென் செய்ததைவிடப் பெரிய சேதத்தை அந்தக் கேள்வி செய்துவிட்டது. வெள்ளிக்கிழமை இங்கிருந்து அங்கே போயிருந்தால், பச்சைத் தண்ணீரும் போயிருக்கலாம். சிவப்பும் போயிருக்கலாம். நகத்தில் சாயத்தோடு சாப்பிட உட்கார்ந்த அப்பா ஆல்டர்பெக் அப்பாவா, முதுகு தேறிய பிறகு ஆம்பூரில் சிறிதுகாலம் வேலைக்குப் போன அப்பாவா? பாலமாவது அங்கே இருந்ததா? தன் நினைவைத் தன் நினைவைக் கொண்டே சோதிக்க முடியாது. தராசு சரியா என்று பார்க்க அதையே தட்டில் தூக்கி வைக்க முடியாதல்லவா? மற்றவர்களுக்கு அம்மா இருப்பார், அண்ணன் இருப்பான், கூடப் படித்தவர்கள் இருப்பார்கள். ஒருவர் மறந்ததை இன்னொருவர் பிடித்துவைத்திருப்பார். அந்த ஐந்து வருடங்களுக்கு ஹெலன் ஒருவர்தான். அந்த ஒருவரும் இப்போது தன்னையே சந்தேகப்படத் தொடங்கினார்.

குழுவைத் திறப்பதை நிறுத்தினார். வீட்டில் பேச்சும் குறைந்தது. ஆல்வின் இரண்டு நாள் பொறுத்துவிட்டு, மூன்றாம் நாள் தானே காபி போட்டுக் கொடுத்தார். அது நன்றாக இல்லை என்று மட்டும் ஹெலன் சொன்னார்.

இரண்டு வீடு தள்ளி வஹீதா இருக்கிறார். மேல்விஷாரத்தில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவர். ஹெலன் இருந்த கம்பெனியில் ஷூவின் மேல்தோல் தைத்தவர். கணவர் இன்னும் ஒரு டேனரியில் தோலைப் போட்டுச் சுழற்றுகிற டிரம் ஓட்டுகிறார். வஹீதாவின் பழைய பயம் போய் இப்போது வாய்தான் மிச்சம். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரியாணிக் கிண்ணத்தோடு வந்தவர், ஹெலனின் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னாக்கா, பேய் அடிச்ச மாதிரி இருக்க? வீட்ல சண்டையா?"

"வீட்ல இல்ல. லண்டன்ல."

"அப்பா! பெரிய எடம்தான்."

ஹெலன் எல்லாவற்றையும் சொன்னார். பாலம், விளையாட்டு, வெள்ளிக்கிழமை, கென், மார்கரெட்டின் பனி. சொல்லச் சொல்லக் கோபம் திரும்பி வந்தது.

"ஒரு பிரி நூல் நீட்டிகினு இருந்தா ஷூவையே தூக்கிப் போட்ருவோமா வஹீதா? நீயே சொல்லு."

"என்னக் கேக்கறியா நீ? எத்தினி வாட்டி என் ஜோடியத் திருப்பி அனுப்பிருக்க. ஒரே பேஜாரு புடிச்ச பொம்பளன்னு உன்ன எங்க லைன்ல..."

"அனுப்பினேன். பிரிச்சுத் தைன்னு அனுப்பினேன். குப்பையில போடுன்னு அனுப்புனேனா?"

"இல்ல. அது இல்ல." வஹீதா யோசித்தார். "சரி, அந்த ஆளு இன்னாதான் எழுதினான், படி. இங்கிலீஷ்ல படிக்காத, எனக்குப் புரியற மாதிரி படி."

ஹெலன் போனைத் திறந்து, கென் எழுதியதைத் தமிழில் சொன்னார். வஹீதா கையை நீட்டி நிறுத்தினார்.

"ஞாயித்துக்கெழமைதான் அவங்கம்மா ஓடையில எறங்க வுடுவாங்களா?"

"ஆமா. அன்னிக்குதான் டேனரி லீவு."

"டேனரி லீவுக்கும் புள்ளைங்க தண்ணில கால் வெக்கறதுக்கும் இன்னாக்கா சம்பந்தம்?"

ஹெலன் போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இல்ல, கேக்கறேன். தண்ணி நல்லாருந்தா தெனம் எறங்கலாம். ஏன் அந்தப் பொம்பள லீவு நாள் பாத்து வுட்டா? எங்க மாமியாரும் அப்படித்தான், சின்ன வயசுல ஜும்மா அன்னிக்குதான் கால்வா பக்கம் போக வுடுவாங்க எங்க வீட்டுக்காரரை. மத்த நாள்ல போனா அடி."

ஹெலன் அந்த வரியைத் திரும்பப் படித்தார். இன்னொரு முறை படித்தார். அத்தனை நாளும் அதில் வெள்ளிக்கிழமை என்ற ஒரு சொல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தப்புக் கண்டுபிடிப்பதையே தொழிலாகச் செய்தவர், தன் தப்பைக் கண்டதும் மற்றதைப் பார்க்காமல் விட்டுவிட்டார். கென் அவரைத் திருத்துகிற அவசரத்தில் அவர் சொன்னதையே சொல்லியிருந்தார். கிழமை மட்டும்தான் வேறு.

"இருந்துச்சு வஹீதா," என்றார். "அப்போ இருந்துச்சு."

"இல்லாம நீயா கெனா கண்ட? துன்னு, ஆறிடப்போவுது."

அன்று ஹெலன் ஓர் அவசரக் காரியம் செய்தார். உடனே குழுவில், கென் எழுதியதன் கீழேயே எழுதினார். வெள்ளிக்கிழமை என்றது என் பிழை, எங்கள் ஊர் வழக்கம் கலந்துவிட்டது, மன்னிக்கவும். ஞாயிறு என்பதே சரி. ஆனால் ஐயா, உங்கள் அம்மா ஏன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் உங்களை ஓடையில் இறங்க விட்டார்? மற்ற நாள்களில் அதில் என்ன இருந்தது?

மரியாதையான கேள்வி. அதற்குப் பதில் வரவில்லை. மாலையில் பார்த்தபோது கென் எழுதியது அங்கே இல்லை. அழித்துவிட்டிருந்தார். அதன்கீழ் வந்த மற்றவர்களின் பேச்சும் அதோடு போயிற்று. ஹெலனின் கேள்வியும் போயிற்று. மறுநாள் மார்கரெட், சூடான விவாதம் வேண்டாம் என்று அந்தப் பதிவையே மூடிவிட்டார்.

கென்னைக் கெட்டவர் என்று ஹெலன் சொல்வதில்லை. நானும் சொல்ல மாட்டேன். அவர் அப்பாவுக்குச் சோறு போட்ட இடம் அது. அதைப் பற்றி எங்கோ ஆம்பூரிலிருந்து ஒருவர் வந்து பேசினால் கசக்கத்தான் செய்யும். ஆனால் கசப்பு ஒன்று, அழிப்பது வேறு.

"போட்டோ புடிச்சு வெச்சியா, அவன் எழுதினத?" என்று வஹீதா கேட்டார்.

"இல்ல."

"ஏங்க்கா!"

"அவரே தன் வாயால சொன்னத அவரே அழிப்பார்னு நெனைக்கல."

"நீ ஷூவப் பாத்த அளவுக்கு மனுசங்களப் பாக்கல."

ஹெலனுக்கு அது சுட்டது. திருப்பிக் கொடுத்தார். "ஏன், நம்ம ஊர்ல மட்டும் ஒத்துக்கறாங்களா?"

"நான் எங்க ஒத்துக்கறாங்கன்னு சொன்னேன்? நம்ம கால்வாயப் பத்தி நீ எழுது, பாப்போம். எங்க வீட்டுக்காரர் வேல செய்ற எடத்து பேரப் போட்டு எழுது. மொதல்ல நானே வந்து அழின்னுவேன்." வஹீதா சிரிக்காமல்தான் சொன்னார். "புள்ளைங்க படிக்குதுங்க இல்ல?"



புத்தகம் இந்த வருடம் வந்தது. அச்சுப் பிரதி இங்கே வராது. போனில் இறக்கிக்கொள்கிற பிரதியை மார்கரெட் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். ஹெலன் முதல் பக்கத்திலிருந்து தேடினார். நடுவில், பனியைப் பற்றிய பக்கத்தில், ஒரே ஒரு வரி இருந்தது: "வெள்ளைப் பனி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஹெலன், இந்தியா."

அவர் எழுதிய வாக்கியத்திலிருந்து வெட்டியதுதான். ஓடையை எடுத்தார்கள், பச்சையை எடுத்தார்கள், வெதுவெதுப்பை எடுத்தார்கள். முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு, நடுவில் ஒட்டு. ஒட்டின இடம் தெரியவில்லை. வேலை சுத்தம் என்று அவரே ஒப்புக்கொண்டார். கடைசி மேஜையில் இருந்திருந்தால் நானே அதைப் பெட்டிக்குள் விட்டிருப்பேன் என்றார்.

அதை நான் எழுதவில்லை என்று மார்கரெட்டுக்கு எழுதினார். முழுதாகப் போடுங்கள், கிழமையைத் திருத்தியே போடுங்கள். முடியாதென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள்.

ஒரு வருடமாக அவர் கேட்ட எதற்கும் பதில் வர நாள்கணக்கில் ஆகியிருக்கிறது. இதற்கு அன்றைக்கே வந்தது. வருந்துகிறோம், தங்கள் விருப்பப்படியே செய்துவிட்டோம். திருத்திய பிரதியும் கூடவே இருந்தது. ஹெலன் அந்தப் பக்கத்தைத் திறந்தார். வரி அப்படியே இருந்தது. பெயர் இருந்த இடத்தில், "இந்தியாவிலிருந்து வந்த ஒரு சிறுமி" என்று இருந்தது.

வஹீதா சந்தைக்குக் கிளம்பி வாசலில் நின்றிருந்தார். அன்றும் வெள்ளிக்கிழமை. ஹெலன் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"வுடாதக்கா. இன்னொரு வாட்டி எழுது. நான் சொன்னது இது இல்லன்னு நல்லா நாக்கப் புடுங்கற மாதிரி கேளு."

"யாருன்னு சொல்லிக் கேக்கறது? அதுல என் பேரே இல்லயே இப்போ."

"நீதானே எடுக்கச் சொன்ன."

"ஆமா," என்றார் ஹெலன். "நாந்தான் சொன்னேன்."

தெரு முனையில் கால்வாய்மேல் சின்னப் பாலம் வருகிறது. அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வஹீதா நின்று, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "எட்டிப் பாக்காம சொல்லு. இன்னிக்கு இன்னா கலரு?" என்றார்.

ஹெலன் நிற்கவில்லை. "இன்னிக்கு லீவு" என்று சொல்லிவிட்டு, பக்கவாட்டில் திரும்பாமல் பாலத்தைக் கடந்து போனார்.